மாமியார் தூங்கும் நேரம்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

அக்கா எழுதறேன். இங்கே நாங்க எல்லாரும் சௌக்கியம். உன் மாமாவுக்கு மட்டும் முழங்கால் வலி. அதுவும் கடைக்குப் போயிட்டு வாங்கன்னு சொன்னாத்தான் வருது. அம்மாவோட கண் எப்படி இருக்கு? சொட்டு மருந்து நீ விடறியா, இல்லை "விட்டாச்சு விட்டாச்சு"ன்னு உன்னை ஏமாத்தறாங்களா?

போன்ல பேசினா அஞ்சாவது நிமிஷம் நாம மல்லுக்கு நிக்கறோம், இனிமே கடிதம்தான்னு அம்மா சட்டம் போட்டாலும் போட்டாங்க, எனக்குக் கையெழுத்து திரும்ப வந்துடுச்சு. ஒன்றரை வருஷம் மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு இருந்ததுக்கு இது எவ்வளவோ தேவலை. அன்னைக்கு "கல்யாணத்துல போட்டோ எடுக்கறதெல்லாம் ஒரு வேலையா"ன்னு நான் கேட்டது தப்புதான். எழுத்துல ஒத்துக்கறேன், பத்திரமா வச்சுக்கோ.

என் வேலையைப் பத்திக் கேட்டிருந்தே. ஏர்போர்ட்டையும் பெரிய ஆஸ்பத்திரியையும் சுத்தி ஒரு வட்டம் போட்டிருக்காங்க. அதுக்குள்ள அனுமதி இல்லாம ட்ரோன் விடறவங்களைப் பிடிக்கணும், அவ்வளவுதான். ஆனா பிடிபட்டவங்க சொல்ற சமாதானம் இருக்கே! போன வாரம் ஒருத்தர் ட்ரோனைச் சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு, "தொப்பை மேடம்"னார். தொப்பையில சிவப்பு விளக்கு மினுக்கிட்டு இருக்கு!

எங்க மொட்டை மாடியில ஒரு கருவி இருக்கு. எவ்வளவு தூரத்துல ட்ரோன் கிளம்பினாலும் கண்டுபிடிச்சுக் கத்தும். அதுக்கு நாங்க வச்சிருக்கிற பேரு மாமியார். ஒண்ணும் தப்பாது. செவ்வாய்க்கிழமை மட்டும் மெக்கானிக் வந்து அதைத் துடைச்சு சரிபார்ப்பார். ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் மாமியார் தூங்குவா, நாங்களும் கொஞ்சம் காலை நீட்டுவோம். இதெல்லாம் வெளியில சொல்லக் கூடாது, உனக்குங்கறதால சொல்றேன்.

எங்க வட்டத்துல ஒழுங்கா பதிவு பண்ணி லைசென்ஸ் வச்சிருக்கிறவர் ஒரே ஒருத்தர். வயலுக்கு ட்ரோன்ல மருந்தடிக்கிறவர். ஒவ்வொரு தடவையும் போன் பண்ணி, "மேடம், மூணு மணிக்கு, தெற்குப் பக்கம், முப்பதடி உயரம்"னு பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிப்பார். எல்லாரும் அவர் மாதிரி இருந்தா எனக்கு வேலையே இருக்காது.

உடம்பைப் பார்த்துக்கோ. அம்மாவுக்கு இதை முழுசாப் படிச்சுக் காட்டு.

அக்கா


பிப்ரவரி 23

அக்காவுக்கு,

நாங்க இங்கே குறையில்லாம இருக்கோம். சொட்டு மருந்து நான்தான் விடறேன், அம்மா கண்ணை இறுக்க மூடிக்கறாங்க, பாதி கன்னத்துலதான் வழியுது. உன் கடிதத்தை மூணு தடவை படிச்சுக் காட்டியாச்சு. மாமியார் தூங்கற இடம் வந்தா அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கலை. மறுபடியும் படி, மறுபடியும் படின்னு உயிரை எடுக்கறாங்க.

நீ ஒத்துக்கிட்டதை பீரோவுல பூட்டி வச்சிருக்கேன். இனிமே ஏதாவது பேசினா எடுத்துக் காட்டுவேன்.

ஒரு நல்ல செய்தி. கல்யாணத்தைத் தவிர வேற வேலையும் வர ஆரம்பிச்சிருக்கு. பெரிய கட்டடக்காரர் ஒருத்தர் பத்து மாடி அடுக்குவீடு கட்டறார். இப்போ மூணு மாடிதான் எழும்பியிருக்கு. ஆனா பத்தாவது மாடி பால்கனியில நின்னா என்ன தெரியும்னு இப்பவே படம் வேணுமாம், விளம்பரத்துக்கு. இல்லாத பால்கனிக்கு ட்ரோன்தானே ஏறணும்! புது ட்ரோன் வாங்கியாச்சு. சரியா வந்தா அவரோட எல்லாக் கட்டடத்துக்கும் நான்தான்னு சொல்லியிருக்கார்.

சும்மாதான் கேக்கறேன், இந்த அனுமதின்னு சொல்றியே, அது கிடைக்க எத்தனை நாளாகும்? யார்கிட்ட போய் நிக்கணும்?

மாமாவோட முழங்காலைக் கேட்டதா சொல்லு.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

மாமாகிட்ட சொன்னேன். முழங்காலும் உன்னைக் கேட்டதாம்.

அனுமதிக்கு இருபத்தோரு நாள். பாரம் பூர்த்தி பண்ணி அனுப்பினா முதல்ல வர்றது என் மேஜைக்குத்தான். அக்காவாச்சேன்னு ஒரு நாள்கூட குறைக்க மாட்டேன், அதையும் சொல்லிடறேன். ஆனா பாரத்துல எங்கே தப்பு வரும்னு எனக்குத் தெரியும், சொல்லித் தர்றேன். கட்டடம் எங்கே இருக்குன்னு நீ எழுதவே இல்லையே? அது எந்த வட்டத்துல வருதுன்னு பார்க்கணும். அனுமதி வர்றதுக்கு முன்னாடி ட்ரோனைப் பெட்டியை விட்டு வெளியில எடுக்காதே.

பத்து மாடிக்காரர் உன்னைத் தேடி வந்தார்னு கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன்.

அம்மாவைக் கண்ணை மூடாம இருக்கச் சொல்லு.

அக்கா


மார்ச் 16

தம்பிக்கு,

எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு நினைக்கறேன். உன்கிட்ட இருந்து பதில் இல்லை. வேலையா இருப்பே.

இங்கே போன செவ்வாய்க்கிழமை நடந்ததை நீயும் செய்தியில பார்த்திருக்கலாம். பெட்டி செய்யற தொழிற்சாலையில ஒரு அம்மாவோட கை மெஷின்ல மாட்டி மணிக்கட்டோட போயிடுச்சு. ஐஸ்ல வச்சு, ஹெலிகாப்டர்ல ஏத்தி, ஆஸ்பத்திரி மாடிக்குக் கொண்டு வந்திருக்காங்க. ரெண்டு நாற்பதுக்கு இறங்கற நேரம். எதிர்ல ஒரு ட்ரோன் நின்னுட்டு இருந்திருக்கு. பைலட் சட்டுனு ஒடிச்சுத் திருப்பிட்டார். இல்லைன்னா உள்ளே இருந்த அஞ்சு பேரும் போயிருப்பாங்க. அப்புறம் ஊருக்கு வெளியில மைதானத்துல இறக்கி, ஆம்புலன்ஸ்ல நெரிசல்ல ஊர்ந்து வந்து சேர்றதுக்கு நாற்பது நிமிஷம் வீணாப் போச்சு.

மாமியார் தூங்கற நேரம். யார் விட்டாங்கன்னு ஒரு பதிவும் இல்லை. "நேரம் தெரிஞ்சவன்தான் விட்டிருக்கான். வெளியில யார் சொன்னது?"ன்னு எங்க தலைவர் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுக் கேட்டார். எல்லாரும் இல்லைன்னு தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன்.

அன்னைக்கு அந்த நேரத்துல ட்ரோன் விடறேன்னு எங்களுக்குச் சொல்லியிருந்தது ஒருத்தர்தான். மருந்தடிக்கிறவர். அவர் இருந்தது ஊரோட அந்தக் கோடியில, ஆனா கூட யாரும் இல்லை, சாட்சி இல்லை. லிஸ்ட்ல இருக்கிறது அவர் பேரு மட்டும்தானே, அவரையே பிடிச்சாங்க. அவரோட ட்ரோனைப் பறிமுதல் பண்ணின நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டது நான்.

அந்தப் பாரம் என்னாச்சு? கட்டடம் எங்கே இருக்குன்னு எழுது.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நலமா இருக்கோம். இங்கே வெயில் ஆரம்பிச்சாச்சு. ஹால்ல இருக்கிற மின்விசிறி கடகடன்னு சத்தம் போடுது, ஆள் வந்து பார்த்துட்டு மோட்டார் போச்சுன்னு சொல்லிட்டான். அம்மாவுக்குக் கண்ணாடி மாத்தியிருக்கு. பெரிசா வித்தியாசம் தெரியலையாம். உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன்.

அந்தக் கட்டட வேலை நின்னு போச்சு. அதனால பாரம் எல்லாம் வேண்டாம்.

மாமாவைக் கேட்டதா சொல்லு.

தம்பி

அந்த அம்மாவுக்கு இப்போ எப்படி இருக்கு? கை சேர்ந்துடுச்சா?


ஏப்ரல் 13

மகளுக்கு,

அம்மா எழுதறது. எழுத்து கோணல்மாணலா இருக்கும், கோடு தெரியலை. அவனுக்குத் தெரியாம எழுதி, கீழ்வீட்டுத் தையல்காரம்மாகிட்ட கொடுத்துத் தபால்ல போடச் சொல்றேன்.

உங்க ரெண்டு பேருக்கும் மறுபடியும் என்னடி சண்டை? போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை விடிஞ்சதும் விடியாததுமா ட்ரோன் பெட்டியைத் தூக்கிட்டு உங்க ஊருக்குத்தான் வந்தான். அக்கா வீட்டுல மத்தியானம் சாப்பிட்டுட்டு வாடான்னு சொல்லி அனுப்பினேன். பொழுது சாயறப்போ வந்தவன் பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம படுத்துட்டான். அக்கா என்ன போட்டான்னு கேட்டா, அவளைப் பார்க்கலைங்கறான். வாசல் வரைக்கும் வந்த பிள்ளையை நீ என்ன சொல்லி விரட்டினே? அவன் போட்டோக்காரன்னா உனக்கு அவ்வளவு இளப்பமா?

அன்னைக்கிலிருந்து சரியா சாப்பிடறதில்லை. உன் கடிதம் வந்தா முன்னெல்லாம் ராகம் போட்டுப் படிப்பான். இப்போ நாலு வரியில முடிஞ்சு போச்சுங்கறான். எனக்குக் கண்ணுதான் தெரியாது, தாளைத் திருப்பற சத்தம் கேக்காதா? மூணு பக்கம் திருப்பிட்டு நாலு வரி படிக்கிறான்.

அவனைத் திட்டாதே. நீ பெரியவ, நீ விட்டுக் கொடு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், கண்ணு இருந்தாலும் சரி, போனாலும் சரி.

அம்மா


ஏப்ரல் 20

தம்பிக்கு,

நீ நல்லா இருக்கணும். அதை மட்டும் முதல்ல எழுதிடறேன்.

கையைப் பத்திக் கேட்டிருந்தே. சேரலை. ஒன்பது மணி நேரம் ஆபரேஷன் பண்ணிச் சேர்த்து வச்சாங்க, அஞ்சாவது நாள் கறுத்துப் போச்சு, எடுத்துட்டாங்க. நாற்பது நிமிஷம் முன்னாடி வந்திருந்தா சேர்ந்திருக்குமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். "சொல்ல முடியாது"ன்னார். நான் யாருன்னு கேட்டார். ட்ரோன் ஆபீஸ்னேன். "பிடிச்சுட்டீங்களாமே, நல்லது"ன்னார். எனக்கு அங்கே நிக்க முடியலை.

பிடிபட்ட மருந்தடிக்கிறவர் தினமும் காலையில பத்து மணிக்கு எங்க ஆபீஸ் வாசல் பெஞ்சுல வந்து உட்கார்றார். சத்தம் போடறதில்லை. நான் படியேறுறப்போ எழுந்து நிக்கறார். மருந்தடிக்கிற காலம் முடியறதுக்குள்ள மெஷின் கிடைக்குமான்னு மட்டும் கேக்கறார். நான் பின்வாசல் வழியா போய்வர ஆரம்பிச்சிருக்கேன்.

மார்ச் மாசம் நீ எங்க ஊருக்கு வந்திருந்தியாமே. வீட்டுக்கு ஏன் வரலை? உனக்குப் பிடிச்சதை ஆக்கி வச்சிருப்பேனே. இதுக்கு மேல ஒண்ணு கேக்கணும். என்னால கேக்க முடியலை. நீயே சொல்லு.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

சௌக்கியம்.

வந்தது வேற வேலையா. நேரம் இல்லை, அதான் வீட்டுக்கு வரலை. ஊருக்கு வர்றதுக்கும் உன்கிட்ட அனுமதி வாங்கணுமா? உன் ஆபீஸ் புத்தியை வீட்டுக்குள்ள கொண்டு வராதே. அம்மா எதையாவது எழுதியிருந்தா அதையெல்லாம் பெரிசா எடுத்துக்காதே.

தம்பி


மே 18

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு முழுசாப் படிச்சுக் காட்டினாலும் சரி, முழுங்கினாலும் சரி, உன் இஷ்டம்.

ஒரு வாரமா நான் பஸ் ஏறுற நிறுத்தத்துக்கு எதிர்ல ஒரு பேனர் வச்சிருக்காங்க. ரெண்டு மாடி உயரம் இருக்கும். "பத்தாவது மாடியிலிருந்து உங்கள் காலை"ன்னு எழுதியிருக்கு. காலையாவது ஒண்ணாவது, நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பார்த்தாலே தெரியுது, மத்தியானம். கீழே ஏரி, மரம், நாலு தெரு. வலது மூலையில ஆஸ்பத்திரி மாடி. அதுக்கு மேல ஒரு ஹெலிகாப்டர், ஒருக்களிச்சு, அடிவயிறு தெரிய. திருப்பிட்டுப் போறது அப்படியே விழுந்திருக்கு. படம் ரொம்ப நல்லா இருக்குடா. அதுதான் தாங்கலை. பக்கத்துல நின்ன ஒருத்தர் குழந்தையைத் தூக்கி ஹெலிகாப்டரைக் காட்டினார்.

அந்தக் கட்டடத்துல இன்னும் நாலாவது மாடிகூட எழும்பலை.

நீ செஞ்சது இருக்கட்டும். நான் செஞ்சதைச் சொல்றேன். அன்னைக்கு செவ்வாய்க்கிழமை, ரெண்டு நாற்பதுன்னு நேரத்தைக் கேட்ட உடனே எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. அந்த நேரத்தை ஆபீஸை விட்டு வெளியில நான் சொன்னது ஒருத்தன்கிட்டதான். பெருமை அடிச்சுக்கறதுக்காக, உன்னைச் சிரிக்க வைக்கறதுக்காக எழுதினேன். தலைவர் கேட்டப்போ தலையை ஆட்டினேன். அப்புறம் ஒண்ணும் தெரியாத மனுஷர் பேர்ல நோட்டீஸை எழுதி கையெழுத்துப் போட்டேன். கட்டடம் எங்கேன்னு உன்னை ரெண்டாவது தடவை கேட்டேனே, அப்போ பதில் வரக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன். பதில் வராத வரைக்கும் எனக்குத் தெரியாது பார். அம்மா எழுதினப்புறமும் அந்தப் பேனர் வர்ற வரைக்கும் வாயை மூடிட்டுத்தான் இருந்தேன்.

பதினெட்டு வருஷமா இந்தச் சட்டையைப் போட்டுட்டு எத்தனை பேரை நிக்க வச்சுக் கேள்வி கேட்டிருக்கேன். இப்போ கண்ணாடி முன்னாடி நின்னு பட்டன் போட வெட்கமா இருக்கு.

ஜூன் மூணாம் தேதி மருந்தடிக்கிறவருக்கு விசாரணை. அன்னைக்கு அவர் லைசென்ஸை ரத்து பண்ணிடுவாங்க.

அக்கா


மே 25

அக்காவுக்கு,

நல்லா இருக்கேன்னு எழுத வரலை. அம்மா நல்லா இருக்காங்க.

நான்தான்.

போன்ல சொல்லலாம்னு நாலு தடவை எடுத்தேன், வாய் வரலை. அந்தக் கட்டடக்காரர் இருபத்தோரு நாளெல்லாம் காத்திருக்க முடியாது, வேற ஆளைப் பார்த்துக்கறேன்னார். பாரத்தை எழுதினேன்க்கா. எழுதி உறையில போட்டு வச்சேன். முதல்ல உன் மேஜைக்கு வரும்னு எழுதியிருந்தியா, அதை நினைச்சதும் கை வரலை. நீ எடுத்துப் பார்த்து, இதுலயும் இவனுக்கு நான்தான் கை கொடுக்கணுமான்னு நினைப்பேன்னு தோணிச்சு. அக்கா தயவு இல்லாம ஒரு பெரிய வேலை முடிச்சு, படத்தைக் கொண்டு வந்து உன் முன்னாடி போடணும்னு ஒரு வீம்பு. பத்து நிமிஷ வேலைதானே, மாமியார் தூங்கறப்போ முடிச்சுடலாம்னு வந்தேன்.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுச்சு. ஏர்போர்ட் பக்கம் போகும்னு நினைச்சேன். திரையில பெரிசாகிட்டே வந்தப்புறம்தான் புரிஞ்சுது. கை உறைஞ்சு போச்சு. ட்ரோனை இறக்கறதுக்குப் பதிலா விரல் படம் எடுக்கிற பட்டன்லயே இருந்தது, கல்யாண வீட்டுல எடுத்து எடுத்துப் பழகின விரல். அது திரும்பிப் போனப்புறம்தான் இறக்கினேன். உங்க தெருமுனை வரைக்கும் வந்தேன். உன் வீட்டு ஜன்னல்ல துணி காயறது தெரிஞ்சுது. அப்படியே பஸ் ஏறிட்டேன்.

எங்க தொழில்ல எடுத்தது எல்லாத்தையும் மெமரி கார்டோட கொடுத்துடுவோம், அவங்களே பொறுக்கிக்குவாங்க. நானும் பார்க்காம அன்னைக்கே கட்டடக்காரரோட ஆள்கிட்ட கொடுத்துட்டேன். எழுபது படத்துல அவர் இதைப் போய்ப் பொறுக்கியிருக்கார். "ஹெலிகாப்டர் இருக்கிறதுதான் அழகே"ன்னார். வேற படம் எடுத்துத் தர்றேன், இது வேண்டாம்னு கெஞ்சினேன், கேக்கலை. வேலை நின்னு போச்சுன்னு உனக்கு எழுதினது பொய். அடுத்த வேலைக்கு அவர் கூப்பிட்டப்போ நான்தான் போகலை. கேமராவைத் தொட்டு ஒரு மாசமாச்சு.

இன்னொரு மனுஷர் என் இடத்துல உட்கார்ந்திருக்கார்னு தெரிஞ்சும் ரெண்டு மாசமா உனக்கு மின்விசிறி கதை எழுதிட்டு இருந்தேன். அன்னைக்கு உன்மேல எரிஞ்சு விழுந்து எழுதினேனே, அதைத் தபால்ல போட்டுட்டு பெட்டிக்குள்ள கையை விட்டு எடுக்க முடியாதான்னு அங்கேயே நின்னேன்.

விசாரணைக்கு நான் வந்து சொல்லிடறேன். ஆனா நேரம் எப்படித் தெரியும்னு கேட்டா, தெரியாது, யதேச்சையா வந்தேன்னு சொல்லுவேன். உன் பிப்ரவரி கடிதம் பீரோவுல இருக்கு, அதைக் கிழிச்சுடறேன். நீ ஒண்ணும் சொல்லாதே. ஒருத்தர் மாட்டினா போதும். அம்மாமேல ஆணை.

தம்பி


மே 29

தம்பிக்கு,

இதைக் கூரியர்ல அனுப்பறேன். போன் பண்ணினேன், நீ எடுக்கலை. நான் நல்லா இருக்கேன். மூணு வேளையும் சாப்பிடறேன், பயப்படாதே.

கடிதத்தைக் கிழிக்காதே. உன் கடிதம் கிடைச்ச அன்னைக்கே தலைவர் அறைக்குப் போய்ச் சொல்லிட்டேன். நேரத்தை வெளியில சொன்னது நான், யார்கிட்டன்னும் தெரியும், தெரிஞ்சுதான் அந்த நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டேன்னு. "வாய்ல சொன்னா போதாது. எழுத்துல ஏதாவது இருக்கா?"ன்னார். என் தம்பி பீரோவுல இருக்குன்னேன். அன்னைக்கே சட்டையையும் அடையாள அட்டையையும் வாங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மூணாம் தேதி விசாரணை இப்போ நம்ம ரெண்டு பேருக்கும்தான்.

மருந்தடிக்கிறவருக்கு மெஷினைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. கடைசியா நான் செஞ்ச வேலை அதுதான், நானே பூட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவர்கிட்ட உண்மையைச் சொல்லணும்னு வாயைத் திறக்கறேன், அதுக்குள்ள அவர் ரெண்டு கையாலயும் மெஷினை வாங்கிட்டு, "நீங்க மட்டும் இல்லைன்னா கிடைச்சிருக்காது மேடம், நன்றி"ன்னார். அவர் திட்டியிருந்தா நான் நிமிர்ந்து நின்னிருப்பேன். அப்புறம் சொன்னேன், வாசல் வரைக்கும் துரத்திட்டுப் போய்ச் சொன்னேன். நின்னு கேட்டார். "பருவம் முடிஞ்சு போச்சு மேடம்"னு மட்டும் சொல்லிட்டு நடந்துட்டார்.

அம்மாமேல ஆணை எல்லாம் போடாதே. அம்மாவுக்கு இதை ஒரு வரி விடாம படிச்சுக் காட்டு. கடிதத்தை எடுத்துட்டு வா.

அக்கா


ஜூன் 1

அக்காவுக்கு,

இதையும் கூரியர்ல அனுப்பறேன், நான் வர்றதுக்கு முன்னாடி கிடைக்கணும்.

உன் கடிதம் வந்தப்போ நான் அதைக் கிழிச்சாச்சு. பொடிப்பொடியா கிழிச்சு சமையலறைக் குப்பைக்கூடையில போட்டிருந்தேன். நீ எழுதினதை அம்மாவுக்கு முழுசாப் படிச்சேன், மார்ச்லேர்ந்து முழுங்கினது எல்லாத்தையும் சேர்த்துப் படிச்சேன். முடிச்சப்புறம் அம்மா எழுந்து சுவரைப் பிடிச்சுட்டுப் போய் குப்பைக்கூடையைத் தூக்கிட்டு வந்து மேஜைமேல கவிழ்த்தாங்க. "ஒட்டுடா"ன்னாங்க.

டீத்தூளும் காய்கறித் தோலுமா இருந்தது. ஒவ்வொண்ணா துடைச்சு வச்சேன். எது எங்கே சேரும்னு எனக்குப் புரியலை. அம்மாவுக்கு உன் கடிதம் மனப்பாடம்க்கா, அத்தனை தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாங்களே. கண்ணை மூடிட்டு முதல் வரியிலிருந்து சொல்லிட்டே வந்தாங்க, நான் துண்டைத் தேடித் தேடி ஒட்டினேன். மாமியார் தூங்கற இடம் வந்ததும் அம்மா நிறுத்திட்டாங்க. இந்தத் தடவை சிரிக்கலை. "இதைக் கேட்டு நானும்தானே சிரிச்சேன்"னு அழுதாங்க. எனக்கும் அடக்க முடியலை. ரெண்டு பேரும் அந்தக் குப்பை முன்னாடி உட்கார்ந்து அழுதோம்.

செவ்வாய்க்கிழமை, ரெண்டு மணி, நாலு மணி எல்லாம் ஒரு எழுத்து குறையாம இருக்கு. உங்க தலைவருக்கு அது போதும். ஒரு துண்டு மட்டும் கிடைக்கலை. கல்யாண போட்டோவைப் பத்திக் கேட்டது தப்புதான், எழுத்துல ஒத்துக்கறேன், பத்திரமா வச்சுக்கோன்னு எழுதியிருந்தியே, அந்த இடம். மேஜைக்கு அடியில, அலமாரிக்குப் பின்னாடி எல்லாம் தவழ்ந்து தேடிட்டேன். போனா போகட்டும், நான் அதைப் பத்திரமா வச்சுக்கலை.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ல வர்றேன். அம்மாவும் வர்றேன்னு அடம் பிடிக்கறாங்க, கூட்டிட்டு வர்றேன். முதல்ல உங்க ஆபீஸ். அது முடிஞ்சதும் என்னை விட்டாங்கன்னா, கை போன அந்த அம்மாவைப் போய்ப் பார்க்கணும். என்ன சொல்றதுன்னு தெரியலை, முகத்தைக் காட்டிட்டாவது வரணும். மருந்தடிக்கிறவர் வீடு எங்கேன்னு விசாரிச்சு வை.

மத்தியானம் உன் வீட்டுல சாப்பிடறேன்னு எழுதலாம்னு பார்த்தேன். எழுத வெட்கமா இருக்கு. நீ கூப்பிட்டா வர்றேன்.

தம்பி